பிள்ளைக்குக் கூடுதல் பல்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஆணி மாதிரி ஒரு பல் எட்டிப் பார்க்கிறது என்று சிலர் வருவார்கள். வகுப்பில் எல்லோருக்கும் முளைத்துவிட்ட முன்பல் இவனுக்கு மட்டும் இன்னும் வரவில்லை என்று சிலர் வருவார்கள். இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றாகவே இருக்கலாம். குழந்தைகளுக்கான பல் மருத்துவராக நான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கூடுதல் பல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பால்பற்கள் 20. பெரியவர்களுக்கு ஞானப்பல்லையும் சேர்த்து 32. இந்தக் கணக்குக்கு மேல் தாடையில் உருவாகும் எந்தப் பல்லும் கூடுதல் பல்தான். அது வாயில் தெரிய வேண்டும் என்பதில்லை. எலும்புக்குள் புதைந்து கிடந்தாலும் கணக்கில் சேரும். சொல்லப்போனால், அப்படிப் புதைந்து கிடப்பதுதான் அதிகம் தொந்தரவு செய்யும்.

வீட்டில் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பால்பல் பாதி, புதுப்பல் பாதி என்று வாய் கலவையாக இருக்கும். அந்த வயதில் எண்ணிக்கை மட்டும் ஒன்றும் சொல்லாது.

சிங்கப்பல், தெத்துப்பல் என்கிறார்களே, அதுதானா இது?

இல்லை. பெரும்பாலும் சிங்கப்பல் என்று நாம் சொல்வது, இடம் கிடைக்காமல் ஈறின் மேல் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் கோரைப்பல்லை. அது கணக்கில் உள்ள பல். மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கடைசி ஆட்களில் ஒருவராக வந்து சேர்கிறது. அதற்குள் மற்றவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டால் பாவம், அது மேலேயே நின்றுவிடும். “டாக்டர், அதிகமா ஒண்ணு முளைச்சிருக்கு, பிடுங்கிடுங்க” என்று கூட்டி வருவார்கள். பிடுங்கவே கூடாது. கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே நீளமானது. கம்பி போட்டு வரிசைக்குள் கொண்டுவர வேண்டிய பல் அது.

கீழ்ப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையாக முளைக்கிறதே?

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பத்தில் ஒன்பது முறை கூடுதல் பல்லே கிடையாது. கீழ் முன்பற்கள் பால்பல்லின் உள்பக்கமாக, நாக்கை ஒட்டித்தான் முளைத்து வரும். பால்பல் விழத் தாமதித்தால் சில வாரங்களுக்கு இரண்டு வரிசை தெரியும். பால்பல் ஆடிக்கொண்டிருந்தால் பிள்ளையையே நாக்கால் தள்ளி ஆட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது விழுந்ததும் நாக்கு தள்ளத் தள்ள புதுப்பல் முன்னால் நகர்ந்து வந்துவிடும். இரண்டு மாதம் ஆகியும் பால்பல் கல் மாதிரி நிற்கிறது என்றால் கூட்டி வாருங்கள், எடுத்துவிடலாம்.

இதே சந்தேகத்தை மேல் முன்பல்லில் சொன்னால் மட்டும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி வருகிறது?

நிலைப்பற்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு. பால்பற்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நிலைப்பல் விஷயத்தில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு பல்தான் கூடுதலாக இருக்கும். அதுவும் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு மேல்தாடையின் முன்பகுதியில். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு மீசியோடென்ஸ் என்று பெயர். சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய வியாதி என்று பயந்தவர்கள் உண்டு. நடுவில் உள்ள பல் என்பதுதான் அர்த்தம்.

ஏன் வருகிறது? கர்ப்ப காலத்தில் கால்சியம் மாத்திரை அதிகம் சாப்பிட்டதாலா?

மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மாக்கள் இந்தக் கேள்வியைக் குற்ற உணர்ச்சியோடு கேட்பார்கள், பக்கத்தில் மாமியார் இருந்தால் இன்னும் மெதுவாக.

கரு வளரும் காலத்தில் தாடையின் ஓரமாகத் திசுவில் ஒரு பட்டை உருவாகும். பற்களின் மொட்டுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. வேலை முடிந்ததும் அந்தப் பட்டை கரைந்து போக வேண்டும். எங்கேயாவது கொஞ்சம் கரையாமல் தங்கி, அல்லது தேவைக்கு மேல் வேலை செய்து, இன்னொரு மொட்டு விட்டால் அது கூடுதல் பல். இதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். குடும்பத்திலும் ஓடும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்திருந்தால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஒரு பிள்ளைக்குக் கண்டுபிடித்தால், கூட வந்திருக்கும் மற்ற பிள்ளையின் வாயையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

பார்க்க எப்படி இருக்கும்?

நான்கு விதம் சொல்லலாம். அதிகம் வருவது கூம்பு வடிவம். சின்னதாக, முனை கூர்ந்து, ஆணி போல இருக்கும். இது சில சமயம் தானாகவே வெளியே வந்துவிடும். இரண்டாவது பீப்பாய் வடிவம். தலையில் ஒன்றுக்கு மேற்பட்ட முகடுகள் இருக்கும். இது வெளியே வருவது அபூர்வம், ஆனால் முன்பல் வரும் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூன்றாவது, அசல் பல்லின் நகல் மாதிரியே இருக்கும். மேல் நடு முன்பல்லுக்குப் பக்கத்தில் உள்ள பல் ஒரே பக்கத்தில் இரண்டு இருந்தால் எது அசல், எது கூடுதல் என்று எங்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கும். அப்போது எது நல்ல வடிவத்தில், நல்ல இடத்தில் நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வோம். நான்காவது ஆடான்டோம். பல் திசுக்கள் ஒழுங்கில்லாமல் திரண்ட கட்டி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு பல் கூடினால் என்ன கெட்டுப்போகும்?

சிலருக்கு ஒன்றுமே ஆகாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு, முதல் பாதிப்பு பக்கத்துப் பல் வராமல் போவது. பீப்பாய் வடிவப் பல் முன்பல்லின் பாதையில் நின்றால் அந்த முன்பல் எலும்புக்குள்ளேயே காத்திருக்கும். மேல் நடு முன்பல் ஒன்றின் அகலம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். அது வராத இடத்தை இரண்டு பக்கத்துப் பற்களும் சாய்ந்து சாய்ந்து பிடித்துவிடும். பிறகு தடையை எடுத்தாலும் வருவதற்கு இடம் இருக்காது. தாமதத்தின் விலை இதுதான். முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு சின்ன அறுவையோடு முடிந்திருக்கும். விட்டுவிட்டால் அறுவை, கம்பி, ஒன்றிரண்டு வருட அலைச்சல் என்று நீளும்.

கூம்பு வடிவப் பல் வழியை அடைப்பதைவிடத் தள்ளிவிடுவதுதான் அதிகம். முன்பற்கள் விலகி நடுவில் சந்து விழும், அல்லது ஒரு முன்பல் தன் அச்சில் திரும்பி நிற்கும். கூடுதல் பல் வெளியே வந்தும் விட்டால் நெருக்கத்தில் பிரஷ் போகாது, சோறு சிக்கும், சொத்தை விழும்.

புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகலாம். பக்கத்துப் பல்லின் வேர் கரையலாம். இந்த இரண்டும் எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் வலி இல்லாமல் நடக்கும் என்பதால்தான் புதைந்த பல்லை விட்டுவைத்தாலும் அவ்வப்போது படமெடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். இன்னொரு விசித்திரம்: சில மீசியோடென்ஸ் தலைகீழாக இருக்கும். முனை மூக்கைப் பார்த்திருக்கும். அது முளைத்தால் மூக்கின் தரைப்பகுதியை நோக்கித்தான் முளைக்கும். மூக்கடைப்பு என்று காட்டப் போய்ப் பல் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

பேச்சு, சிரிப்பு இரண்டையும் இங்கே சேர்க்க வேண்டும். எட்டு வயதில் கேலி ஆரம்பித்துவிடுகிறது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளையிடம் “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது.

வெளியே தெரியாத பல்லை வீட்டில் எப்படிச் சந்தேகிப்பது?

முளைத்த பல்லைப் பார்த்து அல்ல, முளைக்காத பல்லைப் பார்த்து. பற்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. கீழ் நடு முன்பற்கள் ஆறு, ஏழு வயதில். மேல் நடு முன்பற்கள் ஏழு, எட்டில். அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள மேல் பற்கள் எட்டு, ஒன்பதில். ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் முன்பின் ஆவது சகஜம். வயது தள்ளிப்போவதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை, வரிசை குலைந்தால்தான் கவலை.

வலது முன்பல் வந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் இடது வரவில்லை என்றால் காட்டுங்கள். கீழ் முன்பற்கள் வந்து ஒரு வருடம் தாண்டியும் மேலே இரண்டுமே வரவில்லை என்றாலும் காட்டுங்கள். நடுப்பல் வராமலேயே பக்கத்துப் பல் முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கத்துப் பால்பல் மட்டும் ஆடாமல் நிற்பதும், அண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் விரலில் தட்டுப்படும் மேடும் கவனிக்க வேண்டியவைதான்.

எல்லாத் தாமதத்துக்கும் கூடுதல் பல் காரணம் அல்ல. இரண்டு, மூன்று வயதில் கீழே விழுந்து பால்பல்லில் அடிபட்டிருந்தால் உள்ளே இருக்கும் நிலைப்பல்லின் வேர் வளைந்து, அதனாலும் வராமல் போகலாம். “சின்ன வயதில் எப்போதாவது வாயில் அடிபட்டதா?” என்று கேட்டால், பாட்டிதான் சரியாகப் பதில் சொல்வார்.

முன்பல் நடுவே சந்து இருக்கிறது. உள்ளே பல் இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இருக்காது. ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்பது இயல்பான கட்டம். கோரைப்பல் இறங்கியதும் பல பிள்ளைகளுக்குச் சந்து தானாக மூடும். சந்து மிகப் பெரிதாக இருந்தாலோ, இரண்டு முன்பல்லும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சாய்ந்தோ திரும்பியோ இருந்தாலோ படமெடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு முன்பே ரப்பர் பேண்ட் மாட்டி இழுக்கும் வேலையை யாரும் செய்யாதீர்கள். அது ஈறுக்குள் ஏறி இரண்டு நல்ல பற்களையும் உலுக்கிவிடும்.

எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு ஆபத்தில்லையா?

பல் அருகே வைத்து எடுக்கும் சின்னப் படத்தின் கதிர்வீச்சு, நாம் எல்லோரும் இயற்கையாக ஒரு நாளில் வாங்கிக்கொள்ளும் அளவை ஒட்டித்தான் வரும். அதனால் தேவை இருந்தால் தயங்க வேண்டாம், தேவை இல்லாமல் எடுக்கவும் வேண்டாம்.

முதலில் சின்னப் படம் அல்லது ஓபிஜி எனும் முழுத்தாடைப் படம் போதும். கூடுதல் பல் இருப்பது தெரிந்தால் அது முன்பல்லுக்கு முன்னால் இருக்கிறதா, அண்ணப் பக்கமா என்று அறிய, எக்ஸ்ரே குழாயை நகர்த்தி வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுப்போம். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் பின்னால் ஓடும், தூரத்து மலை கூடவே வரும் அல்லவா, அதே கணக்கு. படத்தில் குழாயோடு சேர்ந்து நகர்ந்த பல் அண்ணப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிபிசிடி எனும் முப்பரிமாணப் படத்துக்குக் கதிர்வீச்சு கூடுதல். அறுவைக்குத் திட்டமிடும்போது, இரண்டு படங்களில் தெளிவு கிடைக்காவிட்டால் மட்டும் அதைக் கேட்பேன். முதல் நாளே எல்லோருக்கும் அதை எழுதிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எடுத்தே ஆக வேண்டுமா? எந்த வயதில்?

முன்பல்லைத் தடுத்தால், தள்ளினால், கட்டி தெரிந்தால், கம்பி போடும்போது குறுக்கே வந்தால் எடுக்க வேண்டும். எலும்புக்குள் ஆழத்தில், யாருக்கும் தொல்லையில்லாமல் தூங்கும் பல்லை விட்டுவைத்துக் கவனிக்கலாம். வெளியே முளைத்துவிட்ட கூம்புப்பல்லை எடுப்பது சாதாரணப் பல் பிடுங்குவது போலத்தான்.

புதைந்த பல்லை எப்போது எடுப்பது என்பதில் பல் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஐந்து, ஆறு வயதிலேயே எடுத்தால் முன்பல் தானாக இறங்க நல்ல வாய்ப்பு, இடமும் பறிபோகாது. ஆனால் பக்கத்து முன்பல்லின் வேர் அப்போது இளசாக இருக்கும், அறுவையில் அடிபட்டால் வளர்ச்சி நிற்கலாம், பிள்ளையும் ஒத்துழைக்காது. எட்டு முதல் பத்து வயது வரை பொறுத்தால் வேர் பலப்பட்டிருக்கும். ஆனால் அதற்குள் இடம் போய்விடலாம். என் வழக்கம் இதுதான்: தடை தெளிவாகத் தெரிந்து, அறுவையில் முன்பல்லின் வேரைத் தொடாமல் வர முடியும் என்று படம் சொன்னால், ஆறு, ஏழு வயதில் எடுத்துவிடச் சொல்வேன். வேரை ஒட்டி உரசிக்கொண்டு இருந்தால் காத்திருப்பேன்.

மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே?

போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

அறுவை என்றால் எப்படி இருக்கும்?

பிள்ளை கொஞ்சம் பெரியது, தைரியமானது என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு நாற்காலியிலேயே செய்யலாம். சின்னப் பிள்ளை, பல் ஆழத்தில் இருக்கிறது என்றால் மயக்கம் கொடுத்துச் செய்வது எல்லோருக்கும் நல்லது. முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்து ஈறை விலக்கி, மேலே உள்ள மெல்லிய எலும்பைக் கொஞ்சம் எடுத்து, பல்லை வெளியே கொண்டுவந்து தையல் போடுவோம். கரையும் நூல் என்பதால் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று நாள் வீக்கம் இருக்கும். முன்பல்லுக்குப் பின்புறம் அண்ணம் சில நாள் மரத்த மாதிரி இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. மோர்சாதம், ஆறிய ரசஞ்சாதம், இளநீர் எல்லாம் கொடுக்கலாம். ஐஸ்கிரீமும்தான். அன்று ஒரு நாள் தாத்தாவும் ஆட்சேபிக்க மாட்டார். மரத்துப்போன உதட்டைப் பிள்ளை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், அதை மட்டும் இரண்டு மணி நேரம் கவனமாகப் பாருங்கள்.

எடுத்த பிறகு முன்பல் தானாக வருமா?

பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்துவிடும். இடம் இருக்க வேண்டும், பல் நேராகவும் இருக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருப்போம். வரவில்லை என்றால் ஈறைத் திறந்து, புதைந்த முன்பல்லில் ஒரு சின்னக் கொக்கியை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கம்பியோடு இணைத்து மெதுவாகக் கீழே இழுப்போம். இந்தக் காத்திருக்கும் மாதங்களில் பல பேர் திரும்பி வருவதே இல்லை. பல்தான் எடுத்தாயிற்றே என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அறுவை செய்ததே அந்த முன்பல்லுக்காகத்தான்.

பால்பல்லிலேயே ஒன்று கூடுதலாக இருக்கிறது. எடுக்கலாமா?

தொல்லை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நேரம் வந்தால் விழும். ஆனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பால்பல்லில் கூடுதல் இருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது நிலைப்பல்லிலும் அதே இடத்தில் கூடுதல் வரும். ஆறு வயதை ஒட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

பிறக்கும்போதே பல்லோடு பிறந்த குழந்தைக்கு?

தாய்மாமனுக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். அப்படி வரும் பல் பெரும்பாலும் கீழ் முன்பல். கூடுதல் பல்லே அல்ல, அவசரப்பட்டு முன்னதாக வந்த பால்பல். எடுத்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு பால்பல் வராது. விழுங்கிவிடும் அளவுக்கு மிகவும் ஆடினாலோ, நாக்கின் அடியில் உரசிப் புண்ணாகிக் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ மட்டும் யோசிப்போம். புண்ணுக்குக்கூட முதலில் பல்லின் முனையை மழுக்கிப் பார்ப்போம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பிறந்து பத்து நாள் ஆகட்டும் என்று சொல்வோம், அல்லது வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்போம். ரத்தம் உறைவது சம்பந்தப்பட்ட விஷயம் அது.

சென்னையில் ஒரு பையன் வாயில் 526 பல் எடுத்தார்களே, அது என்ன?

2019-இல் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஏழு வயதுச் சிறுவன், கீழ்த்தாடையின் வலப்பக்கம் வீக்கம். எடுத்தது 526 தனித்தனி அறுவை அல்ல. ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள ஒரே பை. அதைப் பிரித்து எண்ணியபோது சிறியதும் பெரியதுமாக 526 பல்போன்ற துண்டுகள் இருந்தன. மேலே சொன்ன ஆடான்டோம் இதுதான். 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயதுப் பையன் ஒருவனிடம் 232 துண்டுகள் எடுத்தார்கள். இவை செய்தியாக வரும் அளவுக்கு அபூர்வம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சாதாரணமாகப் பார்க்கும் ஆடான்டோம் சின்னது, வலிக்காதது, புற்று அல்ல. எடுத்தால் முடிந்தது.

வேறு ஏதாவது நோயின் அறிகுறியாக இருக்குமா?

ஒன்று, இரண்டு பல் என்றால் பெரும்பாலும் இல்லை. பல இடங்களில் பல கூடுதல் பற்கள் இருந்தால் யோசிக்க வேண்டும். கிளெய்டோகிரேனியல் டிஸ்பிளேசியா என்ற மரபுக் குறைபாட்டில், தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு இல்லாமலோ குறையாகவோ இருக்கும். பிள்ளை இரண்டு தோளையும் முன்பக்கம் சேர்த்துக் காட்டும், உச்சிக்குழி மூடவும் தாமதமாகும், பால்பற்கள் விழாமல் நிற்கும், உள்ளே கூடுதல் பற்கள் நிறைய இருக்கும். கார்ட்னர் சிண்ட்ரோம் இன்னொன்று. அதில் குடலில் நூற்றுக்கணக்கில் சதை வளர்ச்சிகள் வந்து, கவனிக்காவிட்டால் பிற்காலத்தில் புற்றாக மாறும். தாடை எலும்பில் முடிச்சுகளும் கூடுதல் பற்களும் சேர்ந்து இருந்து, குடும்பத்தில் குடல் புற்றும் இருந்தால் பல் மருத்துவர்தான் முதலில் மணி அடிக்க வேண்டியவர். பிளவுபட்ட உதடு, அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்குப் பிளவின் அருகில் பல் கூடுவதும் குறைவதும் சகஜம்.

கூடுதல் பல்லால் யாருக்காவது நன்மை உண்டா?

ஒரு அப்பா விளையாட்டாகக் கேட்டது. பதில் விளையாட்டில்லை. யூசாக்-1 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் கூடுதல் பல் முளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்படியானால் அந்தப் புரதத்தைத் தடுத்தால் பல் இல்லாதவர்களுக்குப் பல் முளைக்க வைக்கலாமே என்று மருந்து உருவாக்கி, 2024-இல் கியோட்டோவில் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனையைத் தொடங்கினார்கள். பிறவியிலேயே பல மொட்டுகள் இல்லாத பிள்ளைகளுக்கு உதவுவதுதான் இலக்கு. கடைக்கு வரும் மருந்து அல்ல இன்னும்.

எங்கே காட்டுவது?

குழந்தைகள் பல் பிரிவு உள்ள எந்தப் பல் மருத்துவக் கல்லூரியும் சரி. அரசு என்றால் சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள், புதிதாக எடுக்க வேண்டியிருக்காது. பிள்ளை நேராகச் சிரிக்கும் பழைய போட்டோக்கள் போனில் இருந்தால் அவையும் உதவும். எந்தப் பல் எப்போது விழுந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

எடுத்த பல்லை வீட்டுக்குக் கொடுப்பீர்களா?

கொடுப்போம், கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு. சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது தளம். எங்கே எறிந்தார் என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.